பணி இடைவெளியும் செயலற்ற கணக்கும்

ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாவிடில், அதனைச் செயலற்ற கணக்கு என நாம் வகைப்படுத்துகிறோம். எனினும் அதிலுள்ள பணம் அழிவதில்லை. வட்டியும் வரவு வைக்கப்படுகிறது. உரியவர் கே.ஒய்.சி. ஆவணங்களைப் புதுப்பித்தால், கட்டணமின்றிக் கணக்கு மீண்டும் இயங்குகிறது. மகப்பேறு, பெற்றோரின் நோய் போன்ற காரணங்களால் சில ஆண்டுகள் வேலையிலிருந்து விலகியிருந்தோரின் திறமையும் இத்தகையதே. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பில் நிறுவனத்தாருக்கும் பங்குண்டு.

2016ஆம் ஆண்டில் பணியை விட்ட கணக்காளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் அறிந்தது வாட் வரி. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் பற்று, வரவு என்னும் அடிப்படை மாறவில்லை. புதிய படிவங்களைப் பயிற்சியின் மூலம் விரைவில் கற்பிக்கலாம். பேரேட்டில் பிழையைக் கண்டறியும் பார்வையோ பல ஆண்டு அனுபவத்தால் மட்டுமே வருவது.

இதனை உணர்ந்து டாடா குழுமம் 2008ஆம் ஆண்டிலேயே, பணி இடைவெளி கொண்ட பெண்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நெகிழ்வான நேரத்தில் சுமார் 500 மணி நேரம் உண்மையான பணிகளில் ஈடுபடுத்துவதே அதன் முறை.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. கலூரில் கடை, மருந்தகம், சிறு அலுவலகம் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலர் இந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். ஆயினும் பெருஞ்செலவின்றி அவர்கள் செய்யக்கூடியவை உள.

முதலாவதாக, நேர்காணலில் இடைவெளிக்கான காரணத்தைத் துருவிக் கேட்பதை விடுத்து, அன்றாட வேலையில் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லலாம். இரண்டாவதாக, மூன்று மாதப் பயிற்சிக் காலத்தை ஊதியத்துடன் அளித்து, முடிவு தெரிவிக்கும் நாளையும் எழுத்தில் குறிப்பிடலாம். ஐயம் கேட்கச் சக ஊழியர் ஒருவரைத் துணையாக்கலாம். மூன்றாவதாக, வேலை நேரத்தை அரை மணி முன்பின்னாக மாற்றலாம். 2017 அக்டோபர் முதல் கலூருக்கு மெட்ரோ வசதி இருப்பினும், பள்ளி விடும் நேரம் எவருக்காகவும் மாறுவதில்லை.

நான்காவது, பலர் கவனிக்கத் தவறுவது: வருங்கால வைப்பு நிதிக்குப் புதிய எண் உருவாக்காமல், ஊழியரின் பழைய யு.ஏ.என். எண்ணிலேயே தொடர வேண்டும். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. இடையில் ஓய்வூதியப் பயனைத் திரும்பப் பெறாதிருந்தால், முந்தைய ஆண்டுகளும் அதில் சேரும்.

ஊதியத்தை நிர்ணயிக்கும்போதும் இதே நியாயம் பொருந்தும். கணக்கு சில காலம் இயங்கவில்லை என்பதற்காக அதன் இருப்பைப் பூஜ்யம் என எவரும் எழுதுவதில்லை. இடைவெளிக்குப் பின் வருபவரைப் புதியவராகக் கருதித் தொடக்க ஊதியம் தருவது, அவருடைய முந்தைய உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு ஒப்பாகும்.