சாகச ஸ்கூட்டரை வலுப்படுத்துதல்

ஒரு காலைப் பலகையில் வைத்து, மறுகாலால் தரையை உந்திச் செலுத்தும் இரு சக்கர வண்டி கிக் ஸ்கூட்டர் எனப்படுகிறது. அதில் தாவுதல், பலகையையோ கைப்பிடியையோ முழு வட்டமாகச் சுழற்றுதல், திண்ணை விளிம்பில் சறுக்குதல் போன்ற வித்தைகளைச் செய்வதற்காக உருவான வகையே சாகச ஸ்கூட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சிறுவர் ஸ்கூட்டரில் வசதிக்காகச் சேர்க்கப்பட்ட மடிப்புகளும் நீட்டிப்புகளும் சாகச ஸ்கூட்டரில் இருக்கக்கூடாதவை.

பேரிங் வண்டி

தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இவ்வகை வண்டிகளைத் தாமே செய்துகொள்வது புதிதல்ல. பட்டறைகளில் கழித்துப்போட்ட பேரிங்குகளை மரச்சட்டத்தின் முனைகளில் அடித்து இறுக்கி, மேலே ஒரு பலகையை ஆணியால் பிணைத்து, முன்சட்டத்தை ஒரே போல்ட்டில் திரும்பும்படி விட்டால் பேரிங் வண்டி தயார். மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரம் இதற்கு ஏற்ற இடம். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் அமைந்ததை ஒட்டி லாரிப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் பெருகிய பகுதி இது.

பேரிங் வண்டியில் பேரிங்கின் வெளிவளையமே சக்கரம். எஃகு நேராகச் சிமெண்டுத் தரையில் உருளும். தெருவே அதிரும் அந்தச் சத்தத்துக்குக் காரணம், அதிர்வை உள்வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லாததுதான். ஸ்கூட்டரில் அதே பேரிங் பாலியூரித்தேன் சக்கரத்தின் நடுவே ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பயன்படுவது 608 என்ற எண்ணுடைய பேரிங். உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. ஸ்கேட் பலகையிலும் இதே அளவுதான்.

எங்கே உடைகிறது?

50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் 60 செ.மீ. உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். முழங்காலை மடக்கி, 10 செ.மீ. தொலைவுக்குள் உடல் வேகத்தை இழந்தால், அந்த நேரத்தில் வண்டி தாங்கும் சராசரி விசை அவர் எடையைப் போல ஏழு மடங்கு. அதாவது 350 கிலோ எடையை ஏற்றிவைத்ததற்குச் சமம். காலை விறைப்பாக வைத்து 3 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் அது 21 மடங்காகிறது. சிறுவர் ஸ்கூட்டர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

முதலில் பழுதாவது மடிப்புக் கீல். பலகையும் முன்தண்டும் சேரும் இடத்தில், மிக அதிக வளைவு விசை விழும் இடத்தில், ஒரு ஊசியும் ஒரு விடுப்பு நெம்புகோலும் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு தாவலிலும் ஊசித்துளை சற்றே அகலமாகிறது. சில நாளில் தண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், ஒரு நாள் தரையிறங்கும்போது கீல் திறந்து முகம் கைப்பிடியில் மோதும். உயரம் கூட்டிக் குறைக்கும் குழாயின் பொத்தான் துளைகள், பிளாஸ்டிக் நடுவளையம் கொண்ட சக்கரம், பின்பக்க மிதிபிரேக் ஆகியவை அடுத்தடுத்துப் போகும்.

2000ஆம் ஆண்டையொட்டி ரேசர் நிறுவனத்தின் மடக்கு ஸ்கூட்டர்கள் உலகெங்கும் பரவியபோது, அவற்றில் வித்தை செய்யத் தொடங்கியவர்கள் இந்தச் சிக்கலைத்தான் முதலில் சந்தித்தனர். கீலில் துளையிட்டுப் போல்ட் போட்டு நிரந்தரமாகப் பூட்டினர். மடிப்புக் கைப்பிடியை நீக்கிவிட்டு ஒரே துண்டாகப் பற்றவைத்த இரும்புக் கைப்பிடியைப் பொருத்தினர். பின்னர் பலகையும் கழுத்தும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட ஸ்கூட்டர்கள் சந்தைக்கு வந்தன. இங்கு வலுவூட்டல் என்பது பெரும்பாலும் எதையும் சேர்ப்பதன்று, இணைப்புகளைக் குறைப்பதே.

வெல்டிங் கடையில் செய்யக்கூடியதும் கூடாததும்

மடக்கு ஸ்கூட்டரை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், "கீலை அடைத்துக் கொடுங்கள்" என்று கேட்பதே பலருக்கும் தோன்றும் வழி. வண்டி இரும்பாக இருந்தால் அது ஓரளவு பயன்படும். அலுமினியமாக இருந்தால் ஆபத்து.

ஸ்கூட்டர் பலகைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 அலுமினியக் கலவை, டி6 எனப்படும் வெப்பப் பதப்படுத்தலால்தான் வலிமை பெறுகிறது. அதன் மேல் வெல்டிங் செய்யும்போது, பற்றவைத்த கோட்டை ஒட்டிய பகுதி அந்தப் பதத்தை இழந்து ஏறக்குறைய பாதி வலிமைக்கு இறங்கிவிடும். வெல்டிங் பார்க்க அழகாகவே இருக்கும், விரிசலோ அதற்குப் பக்கத்தில் விழும். இழந்ததை மீட்க, முழுப் பலகையையும் சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உடனே நீரில் குளிர்வித்து, பிறகு குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் ஆர்கான் வெல்டிங் வசதி இருக்கலாம். இந்த உலை இருக்காது. ஆகவே அலுமினிய மடக்கு ஸ்கூட்டரைச் சாகசத்துக்காக வலுப்படுத்தும் முயற்சியைக் கைவிடுவதே சரி. அதைக் கடைக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடி வேறு கதை. அது இரும்பாலோ, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகாலோ ஆனதாக இருந்தால், குறுக்குக் குழாயும் நெடுக்குக் குழாயும் சேரும் மூலையில் சிறு முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைப்பது நல்ல பலன் தரும். தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பில் கைப்பிடி செய்யும் யோசனை வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி, சுவாசிப்பவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும்; பூச்சை முழுதும் நீக்காவிட்டால் பற்றும் சரியாகப் பிடிக்காது.

செலவில்லாத மாற்றம் கைப்பிடியை அளவுக்கு வெட்டுவது. உயரம் இடுப்பளவு, அகலம் தோளளவு என்பது பொதுவான கணக்கு. ஆக்சா பிளேடால் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, முனையில் கட்டாயம் அடைப்பான் போட வேண்டும். திறந்த குழாய் முனை விழுபவரின் வயிற்றில் குத்திவிடும்.

இறுக்கும் அமைப்பு

கைப்பிடியையும் முன்ஃபோர்க்கையும் சேர்த்து, கழுத்திலுள்ள பேரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் அமைப்பில்தான் சாகச ஸ்கூட்டரின் உயிர் இருக்கிறது. மரைபோட்ட பழைய வகையில், கைப்பிடியைச் சில முறை சுழற்றினாலே நட்டு தளர்ந்துவிடும். மரையற்ற வகைகளில் தனியொரு அழுத்து போல்ட் இந்த வேலையைச் செய்கிறது. எச்.ஐ.சி. முறையில் ஃபோர்க் தண்டின் மேல் ஒரு உறை ஏறி, அதன் மேல் கைப்பிடிக் குழாய் அமர்கிறது. கிளாம்ப் இறுக்குவதற்காகக் குழாயின் அடியில் ஒரு பிளவு வெட்டப்பட்டிருக்கும். விரிசல் பெரும்பாலும் அந்தப் பிளவின் முனையில் தொடங்குவதால், முனையில் வட்டத் துளை இடுவது வழக்கம். எஸ்.சி.எஸ். முறையில் உயரமான கிளாம்ப் ஒன்றே கைப்பிடியையும் ஃபோர்க்கையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. பிளவு தேவையில்லை, எடை சற்றுக் கூடும்.

பாகங்களை வாங்குமுன் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். 31.8 மி.மீ., 34.9 மி.மீ. என்ற இரு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றின் கிளாம்ப் இன்னொன்றுக்குச் சேராது.

பொருத்தும்போது அழுத்து போல்ட்டை முதலில் இறுக்கி, அதன்பின்னரே கிளாம்ப் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கிளாம்ப்பை முதலில் இறுக்கிவிட்டால் அழுத்தம் பேரிங்குக்குப் போய்ச் சேராது. முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியைச் சாய்த்தால் அது தானாகத் திரும்ப வேண்டும். தரையில் வைத்து முன்னும் பின்னும் உலுக்கினால் 'டக் டக்' என்ற ஆட்டம் இருக்கக்கூடாது.

உப்புக் காற்றும் தூசியும்

வடசென்னையில் ஸ்கூட்டரின் எதிரி தாவல் மட்டுமல்ல. கடல் காற்றின் உப்பும் மழைக்காலத் தேங்கல் நீரும் 608 பேரிங்கை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். நனைந்த வண்டியை அன்றே துடைத்து, பேரிங்கின் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, இரண்டு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். கெட்டியான கிரீஸை அடைத்தால் சுழற்சி மந்தமாகும். ரப்பர் மூடியுள்ள பேரிங் இப்பகுதிக்கு உகந்தது. சக்கரத்தைப் பொறுத்தவரை, உலோக நடுவளையம் கொண்ட 110 மி.மீ. அளவு பரவலானது.

துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் ஸ்கூட்டரை இறக்கக்கூடாது. சிறு கல் ஒன்று போதும், அந்தச் சிறிய சக்கரம் அப்படியே நின்றுவிடும்; ஓட்டுபவர் முன்னே விழுவார். வாகனம் நுழையாத சிமெண்டுத் தளம் மட்டுமே பழக ஏற்ற இடம். தாடைப் பட்டை பூட்டிய தலைக்கவசம் வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட சைக்கிள் தலைக்கவசம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மீண்டும் உதவாது.

ஓட்டுமுன் கழுத்து வெல்டிங்கையும் கைப்பிடி மூலையையும் துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது. வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற கோடோ, இரும்பில் கோடாகத் துருவோ தெரிந்தால் அது பூச்சின் குறையாக இருப்பதைவிட விரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரிசல் விழுந்த ஃபோர்க்கையும் அலுமினியப் பலகையையும் பற்றவைக்காமல் பழைய இரும்புக் கடைக்கே அனுப்ப வேண்டும்.