கேசட் ஏசி: சீலிங்கை மூடும் முன் கேளுங்கள்

கடை, கிளினிக், வீட்டுப் பெரிய ஹால் என்று பல இடங்களில் இப்போது கூரையோடு பதிந்த கேசட் ஏசியை மாட்டுகிறார்கள். வாங்கும்போது டன், ஸ்டார், தள்ளுபடி எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். மாட்டும் வேலையை மட்டும் ‘ஆள் வருவார்’ என்ற ஒரு பதிலோடு விட்டுவிடுகிறோம். பிறகு கோளாறு வந்தால், தவறு இயந்திரத்திலா, மாட்டிய விதத்திலா என்று காட்டும் தடயங்களில் பெரும்பகுதி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்து கிடக்கும். டீலர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனி மெக்கானிக்கைக் கை காட்டும். எனவே, சீலிங்கை மூடுவதற்கு முன்பே வேலையைச் சோதித்து எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் வாடிக்கையாளருக்கு உண்மையான பாதுகாப்பு.

முதல் ஆபத்து எடை. 2 டன் கேசட் யூனிட் பேனலோடு சுமார் 30 கிலோ இருக்கும். ஜிப்சம் பலகையும் அதன் தகரச் சட்டமும் இதைத் தாங்காது. கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து, நான்கு த்ரெட் ராடுகளில் தொங்கவிட வேண்டும். அடுத்தது தண்ணீர். யூனிட்டுக்குள் இருக்கும் சிறு பம்ப் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். அதன்பின் குழாய் வாட்டம் குறையாமல் சரிந்து போக வேண்டும். வாட்டம் தவறினால் சீலிங் ஊறி இற்றுப்போகும். மூன்றாவது, வாக்கம் பம்ப் போடாமல் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றும் குறுக்கு வழி. குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரஸரையே கெடுக்கும். இன்று பரவலாக உள்ள ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால் கசிவையும் அலட்சியப்படுத்த முடியாது.

இவற்றைச் சோதிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. யூனிட்டின் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ஏசியைக் கூலிங்கில் ஓடவிடச் சொல்லுங்கள். பம்ப் இழுத்து வெளியே விடுகிறதா என்று தெரிந்துவிடும். வாக்கம் போட்டு நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். போல்ட், குழாய் இணைப்பு, எர்த் ஒயர் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியவர் பெயர், தேதி, செய்த சோதனைகள் அடங்கிய அறிக்கையில் கையெழுத்து வாங்குங்கள். சீலிங்கில் ஆள் கை நுழையும் அளவு பராமரிப்புத் திறப்பு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, காசு வாங்கிச் செய்த வேலையில் உள்ள குறை ‘சேவைக் குறைபாடு’. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ‘இன்ஸ்டலேஷன் இலவசம்தானே’ என்று டீலர் தட்டிக்கழிக்கலாம். ஆனால் ஏசி விலையோடு சேர்த்து விற்ற வேலையைத் தர்மமாகச் செய்த வேலை என்று சொல்ல முடியாது. கடைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற வாதமும் எப்போதும் செல்லாது: சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தத் தொழிலுக்காக வாங்கியதற்குச் சட்டமே விலக்குத் தருகிறது. பெரிய வணிக நிறுவனத்துக்கு அது பொருந்தாது.

‘கேஸ் போட்டால் வருஷக் கணக்கில் இழுக்கும்’ என்பது பலருடைய தயக்கம். தாமதம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் படி வழக்கல்ல. எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற தேசிய உதவி எண். அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. அங்கே பில், படம், கையெழுத்திட்ட அறிக்கை மூன்றும் இருந்தால் வாய்ச்சண்டைக்கு இடமே இருக்காது. மெக்கானிக் அவசரப்படுத்தினாலும் அவை கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.