விதைக்குள் ஒரு வரைபடம் – 9: நீலகிரியில் தங்கும் துரு

நவம்பர் பிறந்துவிட்டால் சென்னை அஸ்தினாபுரத்துக்காரர்களின் கண்ணெல்லாம் வானிலை அறிக்கையில்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்ததும், வண்டியை எந்த மேட்டில் நிறுத்துவது, தரைத்தளத்துச் சாமான்களை எப்போது மாடிக்கு ஏற்றுவது என்று தெருவில் பேச்சு தொடங்கிவிடும். அதே தாழ்வு மண்டலத்தை இன்னொரு கூட்டமும் கவலையோடு பார்த்தது. அவர்கள் கோதுமை விஞ்ஞானிகள். 1970களில் எஸ். நாகராஜனும் எச். சிங்கும் சேர்ந்து ‘இந்தியத் தண்டுத் துரு விதிகள்’ என்று சிலவற்றை வகுத்தார்கள். புயலோ தாழ்வு மண்டலமோ கிழக்குத் தீர்க்கரேகை 65க்கும் 85க்கும் இடையில், வடக்கு அட்சரேகை 10க்கும் 15க்கும் இடையில் உருவாகி, மத்திய இந்தியாவுக்குப் போய்க் கரைய வேண்டும் என்பது அவற்றில் முதல் விதி. சென்னை இருப்பது ஏறத்தாழ 13, 80. நமது தெருக்களை நனைத்துவிட்டுப் போகும் மழைக்கால வானம் முழுக்க அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தக் காற்று சுமந்து போவது ஒரு பூஞ்சையின் வித்துகளை. புறப்படும் இடம் நீலகிரியும் பழனி மலையும். போய் இறங்கும் இடம் மத்தியப் பிரதேசத்துக் கோதுமை வயல்.

சென்ற வாரம், வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத நெல்லின் மரபணுவைப் பார்த்தோம். இந்த வாரம் கோதுமை. நெல் விளையும் நாட்டில் கோதுமைக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். குரோம்பேட்டையில் தொடங்கி சேலையூர் வரை எத்தனை வீடுகளில் ராத்திரிக்குச் சப்பாத்தி என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கோதுமை வடக்கிலிருந்து வருகிறது. அதைக் காக்கும் வேலையில் ஒரு முக்கியமான பகுதி தமிழ்நாட்டு மலை ஒன்றில் நடக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

துரு நோயில் மூன்று வகை உண்டு. தண்டில் வருவது கருந்துரு, இலையில் வருவது பழுப்புத் துரு, இலையில் வரிவரியாக வருவது மஞ்சள் துரு. மூன்றையும் உண்டாக்குபவை பக்சினியா இனப் பூஞ்சைகள். உயிருள்ள பயிரில்தான் இவை பிழைக்கும். காய்ந்த வைக்கோலில் பிழைக்காது. வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் வயலில் பயிர் இல்லை, வெயிலும் நாற்பது டிகிரியைத் தாண்டும். பூஞ்சை மொத்தமாக அழிந்துபோக வேண்டும். ஆனால் அடுத்த பருவத்தில் துரு மறுபடியும் வந்து நிற்கும். எங்கிருந்து?

இந்தக் கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் பூஞ்சைக்கு பார்பெரி என்ற புதர்ச்செடி இடைத்தங்கல். அமெரிக்கா 1918இல் அந்தச் செடியை வேரோடு ஒழிக்கும் பெரிய இயக்கத்தையே தொடங்கியது. இந்தியாவில் பார்பெரிக்கு அந்தப் பங்கு இல்லை, மலைகளில் கோடையிலும் நிற்கும் கோதுமையில்தான் துரு உயிர் பிழைக்கிறது என்று மேத்தா காட்டினார். பழுப்புத் துருவுக்கு இமயமும் உண்டு, தெற்கு மலைகளும் உண்டு. மஞ்சள் துரு குளிரை விரும்புவது. பஞ்சாபுக்கு அது வருவது இமயத்துப் பக்கமிருந்து. கருந்துருவுக்கு மட்டும் முதன்மையான வீடு நீலகிரியும் பழனி மலையும்தான். 1946–47 பருவத்தில் மத்திய இந்தியாவின் கோதுமையை நாசமாக்கியது இந்தக் கருந்துரு.

நோயின் வீட்டிலேயே போய் உட்கார்ந்து அதை எதிர்ப்பது என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் முடிவு செய்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில், ராணுவ மையத்துக்குப் பேர்போன அதே வெலிங்டனில், 1954 முதல் அதன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மற்ற இடங்களில் ஒரு ரகம் துருவைத் தாங்குமா என்று பார்க்க வித்துகளைக் கொண்டுவந்து தெளிக்க வேண்டும், பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வெலிங்டனில் ஆண்டு முழுவதும் துரு தானாகவே வருகிறது. விதைத்துவிட்டு நின்று பார்த்தால் போதும், தாங்கும் செடி எது, தாங்காத செடி எது என்று வயலே சொல்லிவிடும்.

பிறகு எதற்கு டிஎன்ஏ பரிசோதனை என்று கேட்கலாம். இந்த வாரக் கட்டுரையின் மையமே அந்தக் கேள்விதான்.

ஒரு மரபணுவை மட்டும் நம்பிய எதிர்ப்புச் சக்தி நெடுநாள் நிற்பதில்லை. குளிர்நாட்டுத் தானியமான ரை பயிரிலிருந்து, கருந்துருவைத் தடுக்கும் எஸ்ஆர் 31 என்ற மரபணு கோதுமைக்குள் வந்தது. அதே குரோமோசோம் துண்டில் பழுப்புத் துருவுக்கும் மஞ்சள் துருவுக்கும் எதிரான மரபணுக்களும் ஒட்டியே வந்தன. உலகமே அதை ஏற்றுக்கொண்டது. 1998இல் உகாண்டாவின் ஆய்வு வயலில், எஸ்ஆர் 31 இருந்த செடிகளிலேயே கருந்துரு பொங்கி நின்றது. அடுத்த ஆண்டு அதற்கு யுஜி 99 என்று பெயர் வைத்தார்கள். 2006இல் ஏமன், 2007இல் ஈரான் என்று அது கிழக்கே நகர்ந்தது. கென்யாவில் எஸ்ஆர் 24 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவையும் வெல்லும் அதன் வாரிசு ஒன்று 2006இல் தென்பட்டது. இந்தியாவில் யுஜி 99 இதுவரை காணப்படவில்லை. ஆனாலும் நம் ரகங்கள் கென்யாவின் ஞோரோவுக்கு அனுப்பப்பட்டு, அந்த நோய்க்கு நடுவிலேயே சோதிக்கப்படுகின்றன.

நம் நாட்டுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. பிபிடபிள்யூ 343 என்ற ரகம் 1990களின் நடுவில் வந்து வடமேற்குச் சமவெளி முழுக்கப் பரவியது. விளைச்சல் பிரமாதம். அதன் மஞ்சள் துரு எதிர்ப்பு மரபணுக்களைப் பூஞ்சை ஒவ்வொன்றாக உடைத்தது. 2000களின் முடிவில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மஞ்சள் துரு வயல்வயலாக ஏறியது. இப்படி நடக்கும் என்று 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டிலேயே ஒருவர் எச்சரித்திருந்தார். பல உள்ளூர் ரகங்களை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு உயர் விளைச்சல் ரகங்களைத் தொடர்ச்சியான பெருநிலப்பரப்பில் விதைத்தால் கடும் நோய் பரவும் என்பதே அவர் சொன்னது. பசுமைப் புரட்சியை முன்னின்று நடத்திய எம்.எஸ். சுவாமிநாதனே அவர். பிற்காலத்தில் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்து நம் பக்கத்துக்காரராகவே வாழ்ந்து, 2023இல் சென்னையில் மறைந்தார்.

அப்படியானால் வழி? ஒரே ரகத்துக்குள் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அடுக்குவது. பூஞ்சை ஒன்றை உடைத்தாலும் மற்றவை தாங்கும். இங்கேதான் வயலும் கண்ணும் கைவிடுகின்றன. ஒரு வலுவான மரபணு உள்ள செடியும் சுத்தமாக நிற்கும். மூன்று உள்ள செடியும் சுத்தமாகவே நிற்கும். பார்த்துப் பிரிக்க வழியில்லை. நோய் எவ்வளவு கடுமையாக வந்தாலும் உள்ளே எத்தனை மரபணு இருக்கிறது என்று நோய் சொல்லாது.

மரபணுவையே நேராகப் பார்ப்பதும் எளிதல்ல. நெல்லின் டிஎன்ஏ சுமார் 40 கோடி எழுத்து. மனிதனுடையது 300 கோடி. கோதுமையுடையது ஏறத்தாழ 1,600 கோடி. மூன்று புல்லினங்கள் இயற்கையில் கலந்து உருவானதால் மூன்று தொகுதி குரோமோசோம்கள், மொத்தம் 21 ஜோடி. அதன் முழு வரிசை 2018இல்தான் வெளியானது. அந்தப் பன்னாட்டு முயற்சியில் 2ஏ குரோமோசோம் இந்தியக் குழுவின் பொறுப்பில் இருந்தது.

முழு வரிசை கையில் இல்லாத காலத்திலேயே விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருந்தார்கள். அஸ்தினாபுரத்தில் வீடு தேடி வருகிறவருக்கு நாம் கதவிலக்கம் சொல்வதில்லை. ‘பிள்ளையார் கோயிலைத் தாண்டி இரண்டாவது வீடு’ என்போம். மார்க்கர் அந்தக் கோயில். மரபணு என்னவென்று தெரியாது. ஆனால் அதன் பக்கத்தில் அடையாளம் காணக்கூடிய ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. தாங்கும் செடியையும் தாங்காத செடியையும் கலப்பார்கள். பேரப்பிள்ளைத் தலைமுறையில் நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் நோய் வந்ததா, எந்த மார்க்கர் இருக்கிறது என்று இரண்டையும் குறிப்பார்கள். இனப்பெருக்க உயிரணு உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். தூரத்தில் இருப்பவை அடிக்கடி பிரியும்; நெருங்கி இருப்பவை சேர்ந்தே போகும். நூறில் ஒரு முறை பிரிந்தால் தூரம் ஒரு சென்டிமார்கன். இப்படிப் பிரிவுகளை எண்ணி எண்ணியே வரைபடம் உருவாகிறது.

எல்ஆர் 34 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். முழுமையாக நோயைத் தடுக்காது. வளர்ந்த பயிரில் துரு பரவும் வேகத்தைக் குறைக்கும். அதனால்தானோ என்னவோ, இத்தனை ஆண்டுகளில் பூஞ்சை அதை உடைக்கவில்லை. 2006இல் எவன்ஸ் லகுடாவின் ஆஸ்திரேலியக் குழு இதற்கு ஒரு மார்க்கர் கண்டது. மரபணுவிலிருந்து 0.4 சென்டிமார்கன், அதாவது ஆயிரத்தில் நான்கு முறைதான் தவறும். இலைத் துண்டில் டிஎன்ஏ எடுத்து, கொரோனா காலத்தில் நாமெல்லாம் பழகிய அதே பிசிஆர் செய்தால், எல்ஆர் 34 உள்ள செடியில் 150 எழுத்து நீளத் துண்டு வரும், இல்லாததில் 229. நாற்றுப் பருவத்திலேயே முடிவு தெரிந்துவிடும். 2009இல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள்.

வெலிங்டனில் நடப்பது வயலும் மார்க்கரும் சேர்ந்த வேலை. மக்களுக்குப் பிடித்த பழைய ரகத்தோடு எதிர்ப்பு உள்ளதைக் கலந்து, பிறந்ததைத் திரும்பத் திரும்பப் பழைய ரகத்தோடே கலப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு இருக்கிறதா என்று மார்க்கரில் பார்ப்பார்கள். தாங்குகிறதா என்பதை மலைக்காற்று சோதிக்கும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இதே முறையில் பழைய பிபிடபிள்யூ 343க்குள் காட்டுப் புல்லினங்களின் இரண்டு மரபணுத் துண்டுகளைச் சேர்த்து, 2017இல் ‘உன்னத்’ என்ற முன்னொட்டோடு மீண்டும் வெளியிட்டது.

இதில் சாப்பாட்டுக்காரர்களான நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. காட்டுப் புல்லிலிருந்து வரும் துண்டு தனியாக வருவதில்லை. பழுப்புத் துருவை எதிர்க்கும் எல்ஆர் 19 மரபணுவோடு மாவை மஞ்சளாக்கும் மரபணு ஒட்டிக்கொண்டு வந்தது. எல்ஆர் 24இன் ஒரு மூலத்தோடு சிவப்பு மணி வந்தது. சப்பாத்திக்கு வெளிறிய பொன்னிற மணி கேட்கும் நாட்டில் அது விலைபோகாது. அந்த ஒட்டுண்ட பகுதியை அறுத்தெறிந்த செடியை ஆயிரத்தில் ஒன்றாகத் தேடிப் பிடிக்கவும் மார்க்கர்தான் உதவுகிறது.

நான் மிகவும் மதிக்கும் மரபணு எஸ்ஆர் 2. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்கர் மெக்ஃபேடன், எம்மர் என்ற பழங்கோதுமையிலிருந்து அதைச் சாதாரணக் கோதுமைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கலப்பில் பிறந்த ரகத்தின் பெயர் ‘ஹோப்’. ஒரு நூற்றாண்டாகப் பூஞ்சை அதை முழுதாக வெல்லவில்லை. அந்தச் செடியின் உமியும் கணுவடியும் கறுத்துப் போகும். டிஎன்ஏ மார்க்கர் வருவதற்கு முன்பே வயலில் நடந்துபோகிறவர்கள் அந்தக் கருமையைப் பார்த்தே செடியைத் தேர்ந்தார்கள்.

எம்மர் நமக்கு அந்நியமல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் விளைந்த சம்பா கோதுமை அதே இனம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அதற்குக் கப்ளி என்று பெயர். அந்தக் கப்ளியிலிருந்து ஆஸ்திரேலியர்கள் எடுத்த எஸ்ஆர் 13 யுஜி 99ஐத் தாங்குகிறது. 2017இல் அந்த மரபணு முழுதாக அடையாளம் காணப்பட்டது. பூஞ்சைக்கு வீடு கொடுத்த மலைகளிலேயே அதை வெல்லும் தானியத்தின் உறவும் வளர்ந்தது. இன்று அந்த மலைகளில் கோதுமைப் பரப்பு சுருங்கிவிட்டது. வெலிங்டன் நிலையம் சம்பா கோதுமையிலும் குட்டையான, சாயாத புதிய ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. விதை இருக்கிறது, விதைக்கிறவருக்கு விலை வேண்டும்.

மரபணு வங்கியின் குளிர் அறையில் இருக்கும் விதை பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் துருவோடு மோதி மாறிக்கொண்டே இருப்பது வயலில் நிற்கும் பயிர்தான். ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உப்புமாவுக்கோ கஞ்சிக்கோ ரவை வாங்கும்போது, கடைக்காரரிடம் சம்பா கோதுமை கேளுங்கள். எந்த ஊரில் விளைந்தது என்றும் கேளுங்கள். நூறு வீடுகள் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் விவசாயியைக் கேட்பார்.

(தொடரும்)