செங்கல்பட்டு: பிரிக்கப்பட்ட மாவட்டமும் பறிக்கப்பட்ட பஞ்சமி நிலமும்

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மாவட்டம் ‘புதிதாக’ உதயமானது என நாளேடுகள் எழுதின. அந்தப் பெயரில் ஒரு மாவட்டம் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. வடக்கே பொன்னேரி முதல் தெற்கே மதுராந்தகம் வரை, சென்னை நகரைச் சுற்றி வளைத்துக் கிடந்த பெரும் நிலப்பரப்பு அது. இன்று அது திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளமும் எம்.சி. ராஜா பிறந்த பரங்கிமலையும் அந்தப் பழைய மாவட்டத்தின் ஊர்களே. பஞ்சமி நிலம் குறித்த வாதம் அரசு ஆவணத்தில் முதன்முதலாக விரிவாக எழுதப்பட்டதும் அங்கேதான். ஆகவே அம்மாவட்டத்தின் வரலாற்றை நில உரிமை வழக்கின் முதல் சாட்சியமாக நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஜாகீரும் மிராசும்

1763 இல் ஆர்க்காடு நவாப் முகம்மது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். ஆவணங்களில் நெடுங்காலம் ‘ஜாகீர்’ என்றே இது குறிக்கப்பட்டது. கம்பெனிக்கு வரி வேண்டும். வரி கட்டப் பொறுப்பானவர் யார் என்று தெரிய வேண்டும். அந்தத் தேடலில் அது கண்டெடுத்தது மிராசு முறையை. பழைய காணியாட்சி உரிமையின் தொடர்ச்சியாகத் தங்களை முன்னிறுத்திய வேளாளர், பார்ப்பனர் உள்ளிட்ட மிராசுதார்கள் ஊரின் விளைநிலம், தரிசு, மேய்ச்சல், நத்தம் அனைத்திலும் பங்கு கோரினர். சென்னை ஆட்சியராயிருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகள் 1818 இல் நூலாக வெளிவந்தபின், அக்கோரிக்கைக்கு அறிஞர் சான்றும் கிடைத்தது.

நிலத்தை உழுத பறையர் மக்களுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன கிடைத்தது? பண்ணையாள், படியாள் என்னும் பெயர்கள்தாம். 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமைக்குச் சட்ட ஏற்பை மறுத்தது. ஆனால் நிலமும் வீட்டுமனையும் மிராசுதார் கையில் இருக்கும்வரை ஆளைக் கட்டிவைக்கத் தனியாக ஒரு சட்டம் தேவைப்படவில்லை. எதிர்த்துப் பேசியவரைக் குடிசையிலிருந்து வெளியேற்றும் அச்சுறுத்தலே போதுமானதாயிருந்தது.

தரிசு நிலத்தைப் பயிரிட அனுமதி கோரும் மனுவுக்கு ‘தர்காஸ்து’ என்று பெயர். சேரியைச் சேர்ந்தவர் மனுச் செய்தால், அதே நிலத்தைக் கேட்க மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. அவர் அதைப் பயிரிடப் போவதில்லை. தன் கூலியாள் நிலக்காரனாகிவிடக் கூடாது என்பதே அவர் நோக்கம். விதி ஒன்றே, அதன் விளைவோ தலைமுறை தலைமுறையாக நிலமின்மை.

1891 அறிக்கை, 1892 ஆணை

இந்தப் பொறியமைப்பை 1891 இல் அரசுக்கு அம்பலப்படுத்தியவர் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர். ‘செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு’ எனப்படும் அவரது அறிக்கை, மக்களின் வறுமைக்கு அவர்களின் குணத்தைக் காரணம் காட்டவில்லை. நிலம் பெறும் வழி அடைக்கப்பட்டிருப்பதையும், வீட்டுமனைகூடப் பிறர் கையில் இருப்பதையும், கடன் வழியே உழைப்பு பிணைக்கப்படுவதையும் அது எடுத்துரைத்தது. இதை ஒரு வெள்ளை அதிகாரியின் கருணையாக மட்டும் வாசிப்பது பிழை. இம்மாவட்டத்தில் ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோரிடம் சேரி மக்கள் கொண்டுசென்ற நில முறையீடுகளும் அன்றைய விவாதத்தை உருவாக்கின.

1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010, 1010-ஏ எண் வருவாய்த்துறை ஆணைகள் இதன் தொடர்ச்சியாக வந்தன. ‘வெள்ளையர் கொடுத்த பன்னிரண்டு லட்சம் ஏக்கர்’ என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் தொடர். அரசியல் முழக்கமாக அதற்கு ஆற்றல் உண்டு. நீதிமன்றத்தில் அது போதாது. ஒரே நாளில் எல்லா நிலமும் கொடுக்கப்பட்டுவிடவில்லை. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில், குறிப்பாக 1920 ஐ ஒட்டித் தொழிலாளர் துறை உருவானபின், ஊர் ஊராகப் புல எண் வாரியாக ஒப்படைகள் நடந்தன. நாம் மெய்ப்பிக்க வேண்டியது ஒவ்வொரு புல எண்ணையும்.

நிபந்தனையின் உள்ளடக்கம்

பஞ்சமி நிலத்தை மற்ற பட்டா நிலத்திலிருந்து வேறுபடுத்துவது வருவாய் வாரிய நிலையாணைகளில் உள்ள நிபந்தனைகள். ஒப்படைத்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் மாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்ற வேண்டும். மீறினால் இழப்பீடின்றி அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு தெளிவான காப்பு இருந்தும் நிலம் எவ்வாறு கைமாறியது? கல்யாணக் கடனுக்கும் மருத்துவக் கடனுக்கும் ஈடாகச் சில. வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டால் சில. பினாமி பெயரில் பல. 1979 இல் தொடங்கி 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயருக்கே பட்டா எழுதப்பட்ட ஊர்கள் உண்டு. பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்றிருந்த குறிப்பு புதிய பதிவேட்டில் காணாமல் போனது. 1997 இல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 இல் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் வட்டங்கள் மாறின, கோப்புகள் இடம்பெயர்ந்தன. இதே காலத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் நிலத்தின் விலையைத் தலைகீழாக மாற்றின. மானாவாரிக் காடு மனைப்பிரிவானது.

காரணையும் சிறுதாவூரும்

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994 அக்டோபரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி அம்மண்ணில் அண்ணல் அம்பேத்கர் சிலையை மக்கள் நிறுவினர். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நீதி கேட்டுத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்நீத்தனர். அரசின் சொந்த நிபந்தனையை அரசே நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

திருப்போரூரை ஒட்டிய சிறுதாவூர் சற்றே வேறுபட்டது. 1967 இல் அண்ணா ஆட்சியில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. அதன் பறிப்பு குறித்த புகாரை விசாரிக்க 2006 இல் நீதிபதி கே.பி. சிவசுப்பிரமணியம் ஆணையம் அமைக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் கொடுத்த நிலத்துக்கும் அதே கதிதான் என்பதை அவ்வூர் காட்டியது.

இனிச் செய்ய வேண்டியது

கர்நாடகம் 1978 இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலங்களின் மாற்றத்தைத் தடுக்கும் தனிச் சட்டம் இயற்றியது. மஞ்சேகௌடா வழக்கில் 1984 இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சட்டத்துக்கு முன் நடந்த விற்பனையையும் அது எட்டும். தமிழ்நாட்டில் இன்னும் நாம் நிலையாணையைக் கையில் ஏந்தியே வழக்காடுகிறோம். மீட்புக்கான தனிச் சட்டமே நம் முதன்மைக் கோரிக்கை.

அதுவரை கையிலுள்ள கருவிகளைப் பயன்படுத்துவோம். வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பதிவான பத்திரங்கள் தெரியும், ஒப்படை நிபந்தனை தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டையும் நிலவரித்திட்டப் பதிவேட்டையும் சான்றிட்ட நகலாகக் கேளுங்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் அருகருகே வைத்துப் புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகம் ‘கோப்பு இல்லை’ என்றால் பழைய தாய் மாவட்டத்தின் ஆவண அறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள். ஒப்படைக்கப்பட்ட நிலத்தை அநியாயமாக ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகளின்கீழ் குற்றம் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

வரலாறு, சட்டம் பயிலும் மாணவர்கள் ஆளுக்கொரு ஊரை எடுத்துக்கொண்டு இவ்வொப்பீட்டைச் செய்தால், ஓராண்டில் ஒரு வட்டத்தின் நிலக்கணக்கு நம் கைக்கு வந்துவிடும். மாவட்டத்தின் பெயரையும் எல்லையையும் அரசு மாற்றலாம். ஒப்படை நிபந்தனை நிலத்தோடு ஒட்டியது. எல்லைக்கோடு நகர்ந்ததால் அது நீங்கிவிடாது.