பூவா, தலையா? ஒரு டாஸில் ஃபைனலுக்குப் போன கேப்டன்!

ஃபுட்பால் நாக்-அவுட் மேட்ச் டிரா ஆனா என்ன நடக்கும்? `பெனால்டி ஷூட்-அவுட்'னு டக்குனு சொல்லிடுவீங்க. ஆனா, 1970 ஏப்ரலில் ஐரோப்பிய கிளப் போட்டிகளில் அந்தப் பேச்சே கிடையாது. கடைசி வழி, டாஸ்தான்! அப்படியொரு டாஸுக்காக நடுமைதானத்தில் நின்றவர், போலந்தின் ஸ்டானிஸ்வாஃப் ஒஷ்லீஸ்வோ.

1937-ல் பிறந்த ஒஷ்லீஸ்வோவின் சொந்த மண் சிலேசியா. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பகுதி. 1960-ல் அவர் சேர்ந்த கிளப், ஸாப்ஷே நகரின் `குர்னிக்'. அதற்கு அர்த்தமே `சுரங்கத் தொழிலாளி'தான்!

அங்கே 12 வருடங்கள் டிஃபென்ஸைக் கட்டிக்காத்தார். 8 லீக் பட்டங்கள், 6 போலந்து கோப்பைகள், தேசிய அணிக்காக 57 மேட்ச்கள். ஆனாலும் கோல் போட்டவரைத்தானே ஊர் கொண்டாடும்? கோல் விழாமல் தடுத்தவரை யார் ஞாபகம் வச்சுக்கிறாங்க?

330 நிமிடங்கள்... ஒரு சுண்டல்!

கோப்பை வென்ற கிளப்களுக்கான ஐரோப்பியத் தொடரில், 1970 அரையிறுதி. எதிரே இத்தாலியின் ரோமா. ரோமில் 1-1. போலந்தில், கூடுதல் நேரமும் சேர்த்து 2-2. ஏப்ரல் 22-ம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் மூன்றாவது மேட்ச். அங்கேயும் கூடுதல் நேரம் முடிந்து 1-1. மொத்தம் 330 நிமிடங்கள் ஆடியும் முடிவு வரலை.

ரெஃப்ரி இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். ஒரே சுண்டல். ஜெயித்தது ஒஷ்லீஸ்வோ!

இதில் ஒரு ட்விஸ்ட். இரண்டு வருடங்களுக்கு முன்னால், 1968 யூரோ அரையிறுதியில் சோவியத் யூனியனை இதே டாஸில் தாண்டித்தான் இத்தாலி சாம்பியனே ஆனது. இப்போ அதே டாஸ் இத்தாலி கிளப்பை வீட்டுக்கு அனுப்பிடுச்சு.

ஃபைனலில் ஒரு கோல்

ஏப்ரல் 29, வியன்னா. கொட்டும் மழை. முதல் பாதியிலேயே மான்செஸ்டர் சிட்டி 2-0. குர்னிக்குக்காக ஒரு கோலைத் திருப்பியது யார் தெரியுமா? 68-வது நிமிடத்தில், டிஃபெண்டர் ஒஷ்லீஸ்வோவேதான்! இன்னொரு கோல் வரவில்லை. 2-1 எனத் தோற்றார்கள். ஆனாலும் பெரிய ஐரோப்பியக் கோப்பையின் ஃபைனல் வரை போன ஒரே போலந்து கிளப் இன்றைக்கும் குர்னிக்தான்.

அந்த ஜூன் மாதமே, டாஸுக்குப் பதில் பெனால்டி என விதி மாறியது. `பெனால்டி வெறும் லக்'னு அடுத்த முறை யாராவது புலம்பினா, இந்தக் கதையைச் சொல்லுங்க. பெனால்டியில் உதைக்க ஒரு பந்தாவது கிடைக்கும். ஒஷ்லீஸ்வோவுக்கு அதுகூடக் கிடைக்கலை!