402 மீட்டருக்கு ஒரு கார்

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிபோங் திபாலுக்குத் திரும்பும் சனிக்கிழமைகளில் அந்தச் சத்தம் காதில் விழும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நேர்ச்சாலையில் இரண்டு கார்கள் சேர்ந்து உறுமும். பதினைந்து விநாடியில் எல்லாம் அடங்கிவிடும். ஓர் இரவு மட்டும் அது 'டமார்' என்று முடிந்தது. என் சித்தப்பா மகனின் புரோட்டோன் சத்ரியா கால்வாயில் கிடந்தது. ஆள் பிழைத்தான். வலது காலில் இன்னும் இரும்புத் தகடு இருக்கிறது.

"அண்ணே, அமெரிக்காவுல ரேஸ் காரை ஃபேக்டரியே செஞ்சு குடுக்குறானாமே?" போன வாரம் கைப்பேசியை நீட்டினான். திரையில் டாட்ஜ் டெமன்.

உண்மைதான். 2023இல் வந்த டெமன் 170க்கு 1,025 குதிரைத்திறன். 402 மீட்டரை, அதாவது கால் மைலை, 8.91 விநாடியில் கடக்கும் என்றது நிறுவனம். அதற்கு முன் வந்த 2018 டெமனில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. எடை குறைய வேண்டுமே! பக்கத்தில் ஆள் உட்கார வேண்டுமானால் 1 டாலர் கூடுதலாகக் கொடுத்து இருக்கை வாங்கிக்கொள்ளலாம். (மனைவியிடம் இதை எப்படிச் சொல்வார்களோ!)

இந்தப் பழக்கம் பழையது. 1960களில் கமாரோ போன்ற கார்களில் 6.6 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஆனால் டாக்சிக்கும் போலீசுக்கும் மொத்தமாகக் கார் செய்து தரும் 'கோப்போ' என்ற தனி ஆர்டர் முறை இருந்தது. இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் விற்பனையாளர் ஃபிரெட் கிப் அந்த வழியில் புகுந்து, 1969இல் 7 லிட்டர் அலுமினிய எஞ்சின் பூட்டிய 50 கமாரோக்களைக் கேட்டு வாங்கினார். ஒன்றின் விலை 7,200 டாலருக்கு மேல். வாங்க ஆளில்லை, பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார். மொத்தம் செய்தது 69 கார்கள். இன்று அவற்றுக்கு ஏலத்தில் அடிதடி.

நம் நாட்டிலும் தொழிற்சாலை பாதி தூரம் வந்தது. 1.8 லிட்டர் இரட்டை கேம் எஞ்சினோடு சத்ரியா ஜிடிஐயைப் புரோட்டோன் விற்றது. 2016இல் முஸ்டாங்கும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது. ஆனால் வி8 விலை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அந்தப் பணத்துக்கு நம் தாமானில் வீடே வாங்கலாம்.

மீதித் தூரத்தைப் பட்டறைகள் ஓடின. ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்', அதாவது முன்பாதியோடு வெட்டிய பழைய கார், அதன் எஞ்சினையும் கியர்பாக்சையும் கழற்றிப் புரோட்டோனில் பூட்டிவிடுவார்கள். தம்பி செய்ததும் அதுதான். எஞ்சினுக்குக் காசு இருந்தது. பிரேக் மட்டும் பழைய 1.3 சத்ரியாவுக்கு உரியது. "அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு நினைச்சேண்ணே."

எனக்கு உறுத்துவது இங்கேதான். தொழிற்சாலை குதிரைத்திறனைக் கூட்டினால் அச்சு, டயர், பிரேக் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றித் தருகிறது. அப்படியும் டெமனைப் பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் முழு வேகத்தில் ஓட்ட அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏ விடவில்லை. சாலையில் ஓடிய இளைஞர்களைத் திடலுக்குக் கொண்டுவர வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கிய சங்கம் அது. 1954இல் ஒரு குழுவை ஊர் ஊராக அனுப்பிப் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நம் பையன்களுக்குக் கையில் எஞ்சின் இருக்கிறது. ஓட்ட, பக்கத்தில் திடல் இல்லை. அனுமதியில்லாமல் சாலையில் ஓடினால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பாயும். பாயத்தான் வேண்டும். ஆனால் சம்மன் ஒரு திடல் ஆகாது.

தம்பி இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். ஹாஃப் கட் விலை கேட்டு வரும் பையன்களுக்கு முதலில் பிரேக் விலையைத்தான் சொல்கிறான். போன மாதம் ஒருவன், "யோசிச்சுட்டு வரேன் அண்ணே" என்று போனான். இன்னும் வரவில்லை. வேறு பட்டறைக்குப் போய்விட்டானோ என்று தம்பி தினமும் கேட்கிறான்.