உயர்த்திய வண்டியின் நடுக்கம்

குகட்பள்ளியில் பழைய பிக்கப் வாங்கக் கடன் நாடும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது: பட்டை ஏற்றி உயர்த்திய வண்டியெனில், மும்பை நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் எழும் வேகத்திலேயே கியரை மாற்றுங்கள். எஞ்சின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாவிடில், குறை எஞ்சினில் இல்லை. சக்கரத்திலோ ஜாயிண்ட் சாஃப்டிலோ உள்ளது. முன்சக்கரமாயின் பெரும்பாலும் ஸ்டீயரிங் ஆடும். சாஃப்டாயின் இருக்கையும் தரையும் அதிரும்.

வண்டி உயர உயரச் சாஃப்டின் சாய்வு கூடுகிறது. சாய்ந்த கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தளர்கிறது. மறுமுனைக் கிராஸின் கோணம் சமமாயிருந்தால்தான் அது ஈடாகும். புதுக் கிராஸ் மாட்டுவதோடு நிறுத்திவிடுவோரே மிகுதி. நடுக்கம் மீண்டும் வரும். பின் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தவேண்டும்.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. முன்பணம் கொடுக்குமுன் சான்றையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.